எங்க கெணறுன்னு சொன்ன பேச்சு

1

ஒரு வாரமா நான் மாலுக்கு நடக்கப் போகலீங்க. ஏன் போகலைன்னு என்ற புள்ள செல்வி கேட்டதுக்கு மொழங்காலு வலிக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். மொழங்காலு வருசம் பூரா வலிக்கறதுதான், அதனால அதைப் பொய்யின்னும் சொல்ல முடியாது. நெசமான காரணத்த ஊட்ல சொல்லல. உங்களுக்குத்தான் சொல்லப் போறேன்.

ராசிபுரத்துல பத்திரிகை நடத்தற தம்பி ஒருத்தரு இருக்கறாரு. "கனடாவுக்குப் போயி மூணு வருசம் ஆச்சுங்களே, அங்கத்த பொழப்பப் பத்தி நம்மூருச் சனத்துக்கு நாலு வார்த்த எழுதிக் குடுங்க"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், எழுதறதுக்கு? லாரி லைசென்சுக்குக் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டேன். ஊருப் பேரு போர்டுகள எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவ்வளவுதான். பேத்தி மதிதான் போனுல ஒரு பட்டனக் காட்டுனா. அதைத் தொட்டுட்டுப் பேசுனா, பேசறதெல்லாம் தமிழ் எழுத்தா ஓடுது. நான் "ஊடு"ங்கறத அது "ஓடு"ன்னு எழுதுதாம். தம்பி திருத்திக்கட்டும்.

என்ற பேரு கருப்பன். ஊட்டுக்காரி காலமான பொறகு ஒத்தையில விடமாட்டேன்னு செல்வி இங்க கூட்டியாந்துட்டா. மாப்பிள்ளைக்கு வேற மாகாணத்துல வேலை, மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போவாரு.

இந்த நாட்டுல ஒத்தப் பேரு ஆகாதுங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டு வேணும். என்ற பாஸ்போர்ட்டுல ஒண்ணுதான் இருந்துது. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சோம். கடைசியா ஒரு மகராசி அதே பேர ரெண்டு பக்கமும் போட்டு அட்டை குடுத்துட்டா. ஆஸ்பத்திரியில "மிஸ்டர் கருப்பன் கருப்பன்"னு கூப்பிட்டப்ப, ஆரோ அண்ணந்தம்பி ரெண்டு பேரக் கூப்பிடறாங்கன்னு நான் உக்காந்தே இருந்தேன். மூணாந்தடவ மதி என்ற விலாவுல குத்துனா.

ஆனா ஒண்ணுங்க. செல்விக்குப் பின்னாலயும் அந்தப் பேருதான் இருக்குது. அவ கம்பெனியில வெள்ளைக்காரங்க அவள மிஸ் கருப்பன்னு கூப்பிடறாங்களாம். ஊருல எங்க தெருவத் தாண்டி அந்தப் பேரச் சொல்லி ஆரும் கூப்பிட்டதில்ல. எங்க தெருக்காரங்களக் கூப்பிடறதுக்கு வேற ஒரு வார்த்த வெச்சிருந்தாங்க. அத நான் இந்தப் போனுகிட்டச் சொல்ல மாட்டேன். சொன்னா அதுபாட்டுக்கு எழுதிப்போடும்.

2

இங்க பனிக்காலத்துல தெருவுல நடக்க முடியாதுங்க. கண்ணாடி மேல எண்ணெய் ஊத்துனாப்புல வழுக்கும். அதனால மாலுல கடை தொறக்கறதுக்கு முந்தியே, கெழடு கட்டைக நடக்கட்டும்னு கதவத் தொறந்து உட்ருவாங்க. நானும் போவேன். மூடுன கடைகளப் பாத்துட்டே சுத்தி வருவேன். நம்மூரு ஞாயித்துக்கெழம மாதிரியே இருக்கும்.

வந்த மொத வருசம் ஒரு வார்த்த பேச ஆளில்ல. செல்வி வேலைக்குப் போயிருவா. மதிகிட்டத் தமிழ் இருக்குது, ஆனா வழிச்செலவுக்கு வெச்ச காசு மாதிரி எண்ணி எண்ணித்தான் எடுப்பா. பஞ்சாபிக்காரங்க நெறையப் பேரு இங்க லாரி ஓட்டறாங்க. அந்த வண்டிகளப் பாத்தா எனக்குக் கை ஊறும். கிட்டப் போயி டயரத் தட்டிப் பாப்பேன். அவுங்க சிரிப்பாங்க, நான் சிரிப்பேன், அதோட சரி.

அப்படி இருக்கறப்பத்தான் ஒரு நா மாலு பெஞ்சுல ஒருத்தரு போனப் போட்டுத் திட்டிட்டு இருந்தாரு. "அடக் கருமாந்தரமே, கேக்குதா இல்லியாடா? நான் பேசறது கேக்குதாங்கறேன்!"

எனக்குக் காலு நின்னு போச்சுங்க.

"ஏனுங்க, நம்ம பக்கங்களா?"ன்னேன்.

அவரு போனக் கீழ வெச்சுட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "திருச்செங்கோடுங்க. நீங்க?"

"ராசிபுரத்துக்குக் கெழக்கங்க."

"அட உக்காருங்க, உக்காருங்க! ஆறு மாசமா நாக்குச் செத்துப்போயிக் கெடக்கறேன்!"

அர்த்தனாரின்னு பேரு. ரெண்டு ரிக்கு வண்டி வெச்சு ஊரூராப் போயி போர்க்கெணறு போட்டவரு. மகன் கார்த்தி கூட இங்க வந்துட்டாரு. பேசப் பேசத் தெரிஞ்சுது, அந்தக் கார்த்தியும் நம்ம செல்வியும் ஒரே கம்பெனி. செல்விய அக்கா அக்கான்னு கூப்பிடுமாம் அந்தப் பையன். அதுக்கப்பறம் கேக்கோணுமுங்களா? எனக்கு அண்ணன் ஆயிட்டாரு.

தெனமும் பிளாஸ்க்குல டீ கொண்டுட்டு வருவாரு. பிளாஸ்க்கு மூடிதான் டம்ளரு. அவரு குடிச்சிட்டு எனக்கு ஊத்துவாரு, நான் குடிச்சிட்டு அவருக்கு நீட்டுவேன். கொதிக்கற டீய அண்ணாந்து குடிக்க முடியுமுங்களா, வாய் வெச்சுத்தான். அந்த மூடி எங்க ரெண்டு பேரு வாயிலயும் போயிப் போயி வரும்.

ரிக்குக்காரரு இல்லீங்களா, எந்தப் பேச்செடுத்தாலும் தண்ணியிலதான் வந்து நிக்கும்.

"உங்க பக்கம் தண்ணி எத்தன அடியிலங்க?"

"எங்க கெணறு வத்தி நான் பாத்ததில்லீங்கண்ணா. கெணத்து மேட்டுல பெரிய புளியமரம். தண்ணி எறைக்கக் கமலை ஓட்டறப்ப எங்க எருது ரெண்டும் சொல்லாமயே திரும்பும்."

"குடுத்து வெச்சவங்க நீங்க. நாங்கதான் நாட்டையே சல்லடையாட்டம் ஓட்ட போட்டுட்டோம். எங்க அப்பாரு சொல்லுவாரு, ஏன்டா பூமாதேவிக்கு ஊசி போட்டுட்டே திரியறயேன்னு!"

அவரு சிரிச்சா மாலுல போறவங்கெல்லாம் திரும்பிப் பாப்பாங்க.

இந்த எடத்துல உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்தக் கெணறு என்றது இல்லீங்க. அந்த எருதும் என்றது இல்ல. நான் அந்தத் தோட்டத்துல பண்ணயாளு. எங்கப்பன் அங்கதான், எங்க தாத்தனும் அங்கதான். பண்ணயத்துல கெடக்கறவங்க அப்படித்தான் பேசுவோம். எங்க காடு, எங்க மாடு, எங்க தோட்டம். பண்ணயக்காரரு எருது சந்தையில கூட வெலைக்குப் போனா எங்கப்பன் எங்க எருதுன்னு நெஞ்ச நிமித்திட்டுச் சொல்லுவாரு. ஆரையும் ஏமாத்தறதுக்கில்ல. நமக்குன்னு ஒண்ணும் இல்லாதவன் பின்ன எதச் சொல்லுவான்? அந்தக் கெணத்துத் தண்ணிய நான் எத்தனையோ எறைச்சிருக்கறேன். ஒரு நா அதுல எறங்கி ஒரு வாய் அள்ளிக் குடிச்சதில்ல.

லாரி ஓட்டுனத அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கறேன். பண்ணயத்துல இருந்தத அவரு கேக்கல, எனக்கும் சொல்லத் தோணல. எங்க கெணறுன்னு நான் சொன்னத அவரு எப்படி எடுத்துக்கிட்டாருங்கறது எனக்கு ரெண்டு வருசமாத் தெரியாது.

3

செல்வி என்ன வேலை பாக்கறான்னு ஊருல கேப்பாங்க. கம்ப்யூட்டருன்னு சொல்லிருவேன். இந்தப் பனிக்காலத்துலதான் எனக்கே வெவரம் தெரிஞ்சுது. கம்ப்யூட்டருக்குள்ள ஓடறதச் செய்யறவ இல்ல இவ. செஞ்சத எப்படி ஓட்டறதுன்னு எழுதறவ. புது லாரி எடுத்தா கூட ஒரு புஸ்தகம் குடுப்பாங்கல்ல, எண்ணெய் எங்க ஊத்தறது, கிரீஸ் எங்க வெக்கறதுன்னு. அந்த மாதிரி.

ஒரு சாயங்காலம் மேசையில கம்ப்யூட்டரத் தொறந்து வெச்சுட்டு அவளா முணுமுணுத்துட்டு இருந்தா. என்ன சாமின்னு கேட்டேன்.

"அந்தப் புஸ்தகத்துல இருக்கற சில வார்த்தைகள எடுத்துட்டு வேற வார்த்த போடறோமுங்கப்பா. நானும் இன்னும் மூணு பேரும்."

"ஏன், இருக்கறதுக்கு என்ன?"

"ஒரு மிசினு சொல்றத இன்னொரு மிசினு அப்படியே வாங்கி எழுதிக்கும். சொல்றதுக்கு மாஸ்டர்னு பேரு வெச்சிருக்கறாங்க. வாங்கிக்கறதுக்கு ஸ்லேவ்."

எனக்கு அந்த ரெண்டும் புதுசில்லீங்க. நாமக்கல்லுல பட்டறைக்கு வண்டியக் கொண்டு போனா மெக்கானிக்கு அடியில படுத்துட்டே சொல்லுவாரு, "மாஸ்டர் சிலிண்டரு நல்லாத்தான் இருக்குது, ஸ்லேவ் சிலிண்டரு ஒழுகுது." கிளட்சு பெடலுகிட்ட மேல இருக்கறது மாஸ்டர். மிதிச்சா எண்ணெய் கொழாயில எறங்கி அடியில இருக்கறதத் தள்ளும். சேத்துலயும் சூட்டுலயும் அடியில கெடக்கறது ஸ்லேவ்.

"ஆமா, கிளட்சுல இருக்கறதுதான. ஸ்லேவ்னா என்ன சாமி?"

செல்வி கம்ப்யூட்டரப் பாத்துட்டேதான் சொன்னா. "அடிமைங்கப்பா."

எத்தன வருசம் அந்த வார்த்தைய வாயில போட்டு மென்னுட்டுத் திரிஞ்சிருக்கறேன். வெத்தலையாட்டம்.

"இப்ப என்ன போடப் போறீங்க?"

"பிரைமரி, ரெப்ளிகா. மொதல்ல இருக்கறது, அதோட நகலு. இன்னொண்ணு, உள்ள விடக்கூடாதவங்க பேரெல்லாம் எழுதி வெக்கறதக் கறுப்புப் பட்டியல்னும், விடலாங்கறத வெள்ளைப் பட்டியல்னும் எழுதியிருக்கறாங்க. அதையும் மாத்தி, தடுக்கற பட்டியல், விடற பட்டியல்னு போடறோம்."

"அப்ப இந்தக் கருப்பனையும் மாத்திப்போடுவீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "உங்களத் தொட்டா நம்ம கருப்பண்ணசாமி அருவாளத் தூக்கிட்டு வந்துரும். கம்மனு டீயக் குடிங்கப்பா."

மதி காதுல மாட்டியிருந்தத ஒரு பக்கம் மட்டும் கழட்டுனா. "தாத்தா, யூ வேர் எ ஸ்லேவ், ரைட்? அம்மா ஒருவாட்டி சொன்னாங்க."

"மதி!"ன்னு செல்வி ஒரு அதட்டு அதட்டுனா.

"நோ, ஐ மீன், நெசமாத்தான் கேக்கறேன்."

"இல்ல சாமி. நான் பண்ணயாளு."

"வாட்ஸ் த டிபரன்ஸ்?"

வித்தியாசம் என்னன்னு கேக்கறாளாம். செல்வி சொன்னா. நான் ரோசன பண்ணிப் பாத்தேன். விடிகாலம் சாணி அள்ளறதுல ஆரம்பிச்சு மாட்டுச் சாளையில படுக்கற வரைக்கும் ஒரு நாள மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். பண்ணயக்காரரு பேரன், என்னைவிடச் சின்னது, மூக்கு ஒழுகிட்டு நிக்கும். அதை நான் சின்ன சாமின்னு கூப்பிடோணும். அது என்னைய வாடா போடாங்கும், கல்லெடுத்து எறியும், நான் சிரிக்கோணும். ஒருக்கா நெத்தியில பட்டு ரத்தம் வந்துது. அப்பவும் நான் சிரிச்சேனுங்க. எங்கப்பன் பாத்துட்டு நின்னாரு. அவரும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் என்ற கண்ணுல இருக்குது.

மீசை மொளைக்கற வயசுல, ரோட்டோரம் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த நின்ன லாரியில எங்கம்மாதான் என்னைய கிளீனரா ஏத்திவுட்டா. "திரும்பிப் பாக்காதடா"ன்னு சொன்னா. அப்படித்தான் தப்பிச்சேன்.

இதையெல்லாம் மதிக்குச் சொல்றதுக்கு அவகிட்ட இருக்கற தமிழ் பத்தாது. என்றகிட்ட இங்கிலீசு இல்ல. "ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல சாமி"ன்னேன். சரின்னு காதுல மாட்டிக்கிட்டா.

4

பனி உருகற சமயம். செல்வி வேலை முடிஞ்சு வந்தவ, மேல் கோட்டக் கூடக் கழட்டாம நாற்காலியில உக்காந்துட்டா.

கம்பெனிக்குப் புதுசாத் தலைவரு ஒருத்தரு வந்திருக்கறாராம். வார்த்த மாத்தற வேலைய நிறுத்திக்கலாம்னாராம். காலம் மாறிப்போச்சு, இதெல்லாம் இப்ப ஆரும் கேக்கறதில்ல. பழைய வாடிக்கைக்காரங்க கொழம்பிப் போவாங்க. "இத்தன வருசத்துல, இந்த வார்த்தையினால எனக்கு மனசு நொந்துதுன்னு ஒருத்தராவது வந்து சொல்லியிருக்கறாங்களா?"ன்னு கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கார்த்தி பேசிட்டானுங்கப்பா. இந்தியாவுலயும் இந்த வார்த்தையத்தான் படிச்சோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எங்க பக்கம் அடிமைன்னே ஆரும் இருந்ததில்ல, தோட்டத்துல ஆளுங்க இருந்தாங்க, ஊட்டு மனுசங்க மாதிரித்தான்னு. சொல்லிட்டு என்னையப் பாத்து, இல்லீங்களாக்காங்கறான்."

நான் எந்திரிச்சுப் போயி அடுப்புல கொதிக்கற சோத்தக் கெளறி உட்டேன்.

"நாளைக்கழிச்சு மறுபடியும் கூட்டம். அத்தோட முடிச்சுருவாங்க. அப்பா, நான் உங்களப் பத்திச் சொல்லட்டுங்களா?"

"சொல்லேன். இதுல என்ன?"

"கார்த்தி இருப்பான். அவன் அவங்கப்பாகிட்டப் போயிச் சொல்லுவான்."

"சொல்லட்டும். அண்ணன் என்ன நெனைக்கப் போறாரு?"

செல்வி நாற்காலிய என்ற பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டா. அப்பறம் மெதுவாச் சொன்னா. "உங்களுக்குத் தெரியலீங்களா? அவங்க நம்மள அவங்க சாதிசனம்னு நெனச்சுட்டு இருக்கறாங்கப்பா. உங்க அப்பாவுக்கு எத்தன ஏக்கராக்கா, பங்கு பிரிச்சுட்டீங்களான்னு கார்த்தி கேக்கறான். எங்க கெணறு, எங்க தோட்டம்னு நீங்கதான பேசறீங்க."

நெஞ்சுக்குள்ள ஏதோ ஒண்ணு கெணத்துல உருவி விழுந்த வாளியாட்டம் போச்சுங்க. ரெண்டு வருசம் அண்ணன் பேசுனது அத்தனையும் ஒவ்வொண்ணா ஞாபகத்துக்கு வந்துது. "நம்ம சனத்துக்கு மண்ணுதானுங்க எல்லாம்"னு அவரு சொன்னது. "நம்ம பசங்களுக்கு நம்ம பக்கத்துலயே பொண்ணு பாக்கோணும்"னது. அந்த நம்மங்கறதுல என்னையும் சேத்துக்கிட்டு இருந்திருக்கறாரு.

"நீங்க வேண்டாம்னா நான் சொல்லல. உங்களுக்கு இங்க இருக்கறது அவரு ஒருத்தருதான். எனக்கும் அது தெரியும்."

"சொல்லலைன்னா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது. அந்த வார்த்த அங்கயே இருக்கும். நான் தெனமும் அதை டைப் அடிப்பேன்."

"வார்த்தய மாத்திட்டா மட்டும் என்ன சாமி ஆயிரப்போவுது?"

"மாத்துனா பெருசா ஒண்ணும் ஆயிராதுங்கப்பா. அதைக் காப்பாத்தறதுக்கு இத்தன பேரு வர்றாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல."

ஒரு நாள் பொறு சாமின்னு சொல்லிட்டேன்.

5

அடுத்த நா வழக்கம்போல மாலுக்குப் போனேன். அண்ணன் எனக்கு முந்தியே வந்து உக்காந்திருந்தாரு. இஞ்சி தட்டிப் போட்ட டீ. ஒரு மூடி எனக்கு, ஒரு மூடி அவருக்கு.

நேராச் சொல்ல எனக்கு நாக்கு வரலீங்க. சுத்தி வளைச்சுத்தான் கேட்டேன். "அண்ணா, உங்க தோட்டத்துலயும் பண்ணயாளு இருந்திருப்பாங்கல்லங்க?"

"இல்லாமயா! நான் பையனா இருக்கறப்ப ஒருத்தன் இருந்தானுங்க. அடடா, என்னா வேலை செய்வான்! எங்களத் தோளுல தூக்கிட்டுத் திரிவான். ஊட்டுப் புள்ளையாட்டந்தான் வெச்சிருந்தோம்."

"அப்படிங்களா."

"ஒரு சொல்லு சொல்லோணுமுங்களா? எல்லாம் அவனுக்கே தெரியும். அவன் லோட்டா மாட்டுச் சாளை எரவாணத்துல சொருகியிருக்கும். எங்கம்மா மோர் ஊத்தறேன்னா அவனாப் போயி எடுத்துட்டு வருவான். எட்ட நின்னு வாங்கிக் குடிச்சிட்டு, கழுவி, மறுபடியும் சொருகிட்டுப் போயிருவான். அந்த மாதிரி ஆளு இனி ஏதுங்க?"

கூரையோட கீழ் விளிம்பத்தான் எங்க பக்கம் எரவாணம்னு சொல்றது. என்ற லோட்டாவும் அங்கதான் இருந்துது. அலுமினியம். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். மழை பேஞ்சா கூரைத் தண்ணி அதுல சொட்டுச் சொட்டா விழும், அந்தச் சத்தத்தக் கேட்டுட்டே படுத்திருப்பேன்.

"அவன் பேரு என்னங்கண்ணா?"

அண்ணன் மூடியக் கையில வெச்சுட்டு ரோசன பண்ணுனாரு. நெசமாலுமே ரோசன பண்ணுனாருங்க, நெத்தி சுருங்கிப்போச்சு. "பேரு... என்னமோ இருந்துதுங்க. நாங்க ஆளுன்னுதான் கூப்பிடறது. ஏ ஆளுன்னா வந்து நிப்பான்." சொல்லிட்டுச் சிரிச்சாரு. கெட்ட சிரிப்பு இல்லீங்க அது. பாசமாத்தான் சிரிச்சாரு. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

மூடிய எனக்கு நீட்டுனாரு. வாங்கிக் குடிச்சேன். டீ நல்லாத்தான் இருந்துது.

ஊட்டுக்கு வந்ததும் செல்வி வர்ற வரைக்கும் சன்னலுகிட்டயே நின்னேன். வந்தவகிட்டச் சொன்னேன். "சொல்லிப்போடு சாமி. தெனமும் என்ற பேரச் சொல்லித்தான உன்னையக் கூப்பிடறாங்க. அது ஆரு பேருன்னு தெரிஞ்சுக்கட்டும்."

அவ என்ற கையப் புடிச்சுக்கிட்டா. அவுங்கம்மா போனப்ப புடிச்சவ, அப்பறம் அன்னிக்குத்தான் புடிச்சா.

6

கூட்டத்துல செல்வி சொல்லிட்டா. அவ சொன்னத எனக்கும் சொல்லிக் காட்டுனா. "எங்கப்பா ஒரு தோட்டத்துல அடிமையா இருந்தவரு. அவங்கப்பாவும் அப்படித்தான். ஒருத்தராவது வந்து சொல்லியிருக்கறாங்களான்னு கேட்டீங்க. நான் சொல்றேன்." அவ்வளவுதானாம், சொல்லிட்டு உக்காந்துட்டாளாம்.

எல்லாரும் கையத் தட்டுனாங்களாம். ஒரு வெள்ளைக்காரப் பொம்பள கண்ணத் தொடைச்சுட்டாளாம். தலைவரு எந்திரிச்சு, உங்க தைரியத்துக்கு ரொம்ப நன்றின்னு சொன்னாராம். சொல்லிட்டு, இருந்தாலும் இப்பத்திக்கு இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும், பின்னால பாத்துக்கலாம்னு முடிச்சுட்டாராம். செல்வியையும் அந்த மூணு பேரையும் வேற வேலைக்குப் பிரிச்சுப் போட்டாச்சு. அந்த வார்த்த ரெண்டும் அதே பக்கத்துல, அதே எடத்துல இருக்குது. அவ எனக்குக் கம்ப்யூட்டருல காட்டுனா. எனக்கு இங்கிலீசு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனா எதுன்னு வெரல் வெச்சுக் காட்டுனா, பாத்தேன்.

"கார்த்தி என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலீங்கப்பா. வெளிய வர்றப்பக் கதவப் புடிச்சு நின்னான். நல்லாப் பேசுனீங்க செல்வின்னான்."

"செல்வியா?"

"ஆமாங்கப்பா. அதுலருந்து செல்விதான்."

இங்க கூட வேலை பாக்கறவங்க செல்வின்னு கூப்பிடறதும் உண்டு, அதுல தப்பில்லீங்க. மத்தவங்க கூப்பிட்டா அது பேரு. அக்காங்கறத எடுத்துப்போட்டுட்டுக் கூப்பிட்டா அது வேற.

மதிதான் அன்னிக்கு என்ற ரூமுக்கு வந்தா. தானா வந்தா. கட்டலுல உக்காந்துட்டு, "சாரி தாத்தா"ன்னா. எதுக்கு சாமின்னேன். தெரியலைன்னு தோளத் தூக்குனா. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிட்டா.

7

அதுக்கப்பறம் அண்ணன் மாலுக்கு வரல. நான் தெனமும் போயி அதே பெஞ்சுல உக்காந்துட்டு வருவேன். ஒடம்பு சரியில்லையோன்னு போன் போட்டேன். மணி அடிச்சுட்டே இருந்துது. நானும் சும்மா இருந்திருக்கலாம். மனசு கேக்கல. ரெண்டு வருசம் ஒரே மூடியில டீ குடிச்சவங்க, மனுசன் ஒரு வார்த்த பேசாமயா போயிருவாருன்னு இருந்துது.

போன வாரம் வந்துட்டாரு. தூரத்துல அந்தச் செவப்புப் பிளாஸ்க்கப் பாத்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் லேசாயிருச்சுங்க. நெசமாச் சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"வாங்கண்ணா, ஒடம்புக்கு ஆகலீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கொஞ்சம் வேலை." பெஞ்சுல உக்காந்தாரு. நடுவுல பிளாஸ்க்க வெச்சாரு.

பேசுனோம். பனி குறைஞ்சுது, பெட்ரோலு ஏறிப்போச்சு, ஊருல மழை இல்லையாம். எல்லாம் பேசுனாரு. ஆனா வாங்க போங்கங்கறது வரல. வாடா போடாவும் வரல. எப்படிப் பேசறதுன்னு அவருக்கே தெரியலையாட்டம் இருக்குது. ஒவ்வொரு பேச்சையும் ஆளு இல்லாமயே முடிச்சுக்கிட்டாரு. "நடக்கலாமே", "உக்காரலாமே", "குளிரு பரவால்ல." கெணத்தப் பத்தி மட்டும் கேக்கல.

அப்பறம் கோட்டுப் பையில கைய விட்டு ஒரு பேப்பர் கப்பு எடுத்தாரு. ஒண்ணே ஒண்ணு. வெள்ளையா, புதுசா இருந்துது.

"சளிக் காய்ச்சல் பரவுதாம். கார்த்திதான் சொன்னான்"னு சொல்லிட்டே அதுல டீய ஊத்தி, பெஞ்சு மேல எனக்கும் அவருக்கும் நடுவுல வெச்சாரு. கையில குடுக்கல. மூடியில அவருக்கு ஊத்திக்கிட்டாரு.

அவரு மேல எனக்குக் கோவம் வரலீங்க. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அவரு பாட்டுக்கு வராமயே இருந்திருக்கலாம், வந்தாரு. எனக்கும் சேத்துத்தான் டீ போட்டுக் கொண்டாந்தாரு. இஞ்சி கூட அளவாத்தான் இருந்துது. நான் எடுத்துக் குடிச்சேன்.

குடிச்சு முடிச்சுட்டு எந்திரிச்சேன். எதுக்கு எந்திரிக்கறேன்னு எனக்கே தெரியல. காலு அதுபாட்டுக்கு நடந்துது. கடைகளத் தாண்டி, பாத்ரூமுக்குள்ள போயி, கொழாய்க்கு முன்னால நின்னேன். கைய நீட்டுனா தண்ணி தானா ஊத்தற கொழாய். அதுல அந்தப் பேப்பர் கப்பக் கழுவுனேன். உள்ள ஒருவாட்டி, வெளிய ஒருவாட்டி, அடியில வெரலு போட்டு ஒருவாட்டி. பக்கத்துல கை கழுவிட்டு இருந்த வெள்ளைக்காரப் பையன் என்னையே பாத்துட்டு நின்னான்.

கழுவிட்டு, கப்பக் கையில புடிச்சுட்டு, எங்க சொருகறதுன்னு மேல பாத்தேனுங்க.

சுத்தியும் பளிங்குக் கல்லும் கண்ணாடியும்தான். அந்தக் கட்டடத்துல எரவாணமே இல்ல.